ஒம்பதரை மணிநேரத்துல வான்கூவர்

...இல்ல, நீரே சொல்லும் ஆண்டவரே, பூமிய உருண்டையாப் படைக்கச் சொல்லி உம்மள யாரு கேட்டா? சப்பாத்தி மாதிரி தட்டையா விட்டுருந்தா என்ன கொறஞ்சி போயிருக்கும்? பம்பாயில, எங்க திலக் நகர்ல மூணு மணின்னா வான்கூவர்லயும் மூணு மணி. சோலி முடிஞ்சிது! அத விட்டுட்டு, உருட்டி, உருட்டுனதச் சுத்தியும் விட்டு, இங்க வெயிலடிக்கப்ப அங்க இருட்டு, இங்க சாயங்காலக் காப்பி போடுதப்ப அங்க விடியக்காலத் தூக்கம்... அரே, இம்புட்டு லஃப்டாவும் கொழப்பமும் அங்கருந்துதான் ஆரம்பம். நான் ஒண்ணும் பண்ணல.

ஸ்தோத்திரம்.

நடுநடுவுல ஸ்தோத்திரம் சொல்லிக்கிடுதேன். ஏன்னா இது ஜெபம். கம்ப்ளைண்டு இல்ல, ஜெபந்தான். மணி அஞ்சரை ஆச்சு. நான் பேச்ச நிப்பாட்டுனா ஜெபச் சங்கிலி அந்துரும். அதனால நீரு பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இரும்.

யாரு இந்தப் பிள்ளைன்னு பாக்கீரா? நாந்தான், ஜாக்குலின். சி விங்கு, நாலாம் மாடி, சவரியம்மா மக. வயசு பதினாறு. எல்லாரு சத்தத்துலயும் பேசுவேன்லா, அந்த ஜாக்கி. போன வருசம் ஸ்கூல் மைக்குல பிரின்சிபால் சத்தத்துல, "டியர் ஸ்டூடண்ட்ஸ், கனமழை காரணமாக..."ன்னு அரைநாள் லீவு விட்டது நாந்தான். வெளிய பளீர்னு வெயிலு! ஆனாலும் ஆயிரத்தி இருநூறு பிள்ளைங்களும் வீட்டுக்குப் போயிட்டாங்க, ஒரு டீச்சர் கூட குடைய எடுத்துக்கிட்டுப் போனாங்க. மூணு நாள் சஸ்பெண்டு எனக்கு. நீரு மேலருந்து பாத்துருப்பீரு. சிரிச்சீரா? ...சொல்ல மாட்டீரு. தெரியும்.

சரி, விஷயத்துக்கு வாரேன். மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு எதுக்கு இந்தப் பிள்ள தனியாப் பொலம்புதுன்னா... எங்க அண்ணன் ஜாபெஸ் இப்ப, இந்த நிமிஷம், ஃப்ராங்க்ஃபர்ட்டுங்குற ஊர்ல பிளேன்ல ஏறி உக்காந்துருக்கான். வான்கூவர் போதான். அங்கருந்து கப்பல். சரக்குக் கப்பல் இல்ல, பணக்காரங்க ஊர் சுத்துத கப்பல். மாட்டுங்கா பேக்கரியில பாவ் போட்டுக்கிட்டு இருந்தவன் இனிமே நடுக்கடல்ல ரெண்டாயிரம் பேருக்கு பன்னு போடப் போதான். நல்ல வேலதான். அதுக்கு ஸ்தோத்திரம்.

ஆனா பிரச்சன என்னன்னா, அவன் லிஃப்ட்ல ஏற மாட்டான்.

நெசமா! அஞ்சு வருசமா நாலு மாடியும் நடந்தேதான் ஏறுவான். சிலிண்டரத் தூக்கிட்டு வந்தாக்கூட நடதான். கேட்டா, "அந்தப் பெட்டி அந்தரத்துல தொங்குதுல்லட்டி"ம்பான். லிஃப்டு அந்தரத்துல தொங்குதுன்னு பயந்தவன, பாவி, பன்னெண்டாயிரத்து எரநூத்தைம்பது கிலோமீட்டர் அந்தரத்துலயே அனுப்பியிருக்கோம். அதுவும் பம்பாயில நூலு கட்டி வான்கூவர்ல இழுத்துப் பிடிச்சா வர்ற கணக்கு. பிளேனு அப்பிடி நேராவா போவுது? மேற்க போயி, ஃப்ராங்க்ஃபர்ட்ல ஒரு டீ குடிச்சிட்டு, அப்பறம் வடக்க ஏறி, ஐஸு மேல எல்லாம் பறந்து... பதினாலாயிரத்து அறுநூறு! நம்ம குர்லா டெர்மினஸ்ல ரயில் ஏறுனா திருநவேலிக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் கூட வராது, அதுக்கே ரெண்டு நா சோறு கட்டணும். ஆனா ரயிலு தரையில போவுது. நின்னா எறங்கி வட வாங்கலாம். இவன் எங்க எறங்குவான்?

இரும்... ஒரு பிளேனு எறங்குது. சாகிநாக்கா பக்கமாத் தாழப் போவுது பாரும். காது அடைக்கி...

ம். போயிட்டு. எங்க விட்டேன்? ஆங், சங்கிலி.

சங்கிலி ஜெபத்தப் பத்தி உமக்கு நான் சொல்லணுமா? போனு உமக்குத்தான வருது. ஆனாலும் சொல்லுதேன், அரமணிநேரம் ஓட்டணும்லா. எங்க சபையில யாரு தூர தேசம் போனாலும், யாருக்கு ஆப்பரேஷன்னாலும், அது முடியிற வரைக்கும் ஒரு நிமிஷம் கூட ஜெபம் நிக்கக் கூடாது. வீட்டுக்கு அரமணிநேரம். உம்ம வீடு முடிஞ்சா அடுத்த வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கணும். அவ்வளவுதான், சங்கிலி கை மாறியாச்சு. மிஸ்டு கால் வந்த வீட்ல பாத்திரம் தேச்சிக்கிட்டு இருந்தாலும் கையக் கழுவிட்டு முட்டி போட்டுரணும். அண்ணனுக்கு இன்னிக்கி காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சிது. மொத டர்னு பாஸ்டர்.

பாஸ்டரு எப்பிடி ஜெபிச்சாருன்னு கேட்டீருல்லா? "ஆண்டவரேஏஏ... அந்த ஆகாய விமானத்தின் வலது இறக்கையைத் தொடும்! இடது இறக்கையைத் தொடும்! அதன் சக்கரங்களைத் தொடும்! அதன் சீட் பெல்ட்டுகளைத் தொடும்!" சொன்னா நம்ப மாட்டீரு, ஸ்க்ரூ வரைக்கும் போயிட்டாரு. அரமணிநேரத்துல பிளேன மொத்தமாப் பிரிச்சி மாட்டியாச்சு.

அது கூடப் பரவால்ல. பதினொண்ணர மணி டர்னு சூசைமாணிக்கம் மாமா. குர்லாவுல லேத் பட்டறை வச்சிருக்காருல்லா, அவரு. பன்னெண்டு மணிக்கு அவரு ஷாலினி வீட்டுக்கு மிஸ்டு கால் குடுக்கணும். பன்னெண்டாச்சு... பன்னெண்டு அஞ்சாச்சு... வரல. ஷாலினி அவருக்கு அடிச்சா, எடுத்துட்டாரு, ஆனா பேசல. "ஹ்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... ஹ்ர்ர்ர்..." லேத் மிஷினத்தான் ஓட விட்டுருக்காருன்னு நெனச்சிருக்கா அவ. அப்பறம் அத்த பின்னாலருந்து கத்துறது கேக்குது: "ஏங்க! பிளேனு மேல நிக்கி, நீங்க இங்க ஒறங்குதீயளே!" அதுக்கு மாமா சொல்லுதாரு, "ஒறங்கல சனியனே, ஆழமா இருந்தேன்." ஆழமா இருந்தாராம்! கெணத்துலயா?

சாரி. கொற சொல்லல. அவருக்காகவும் ஸ்தோத்திரம்.

ஆனா பாரும், ஒறங்குன மாமா மேலயும் தப்பில்ல, ஸ்க்ரூ கழட்டுன பாஸ்டரு மேலயும் தப்பில்ல. தப்பெல்லாம் டிக்கெட்டு மேல. டிக்கெட்ல என்ன போட்டுருக்கு? மும்பை, காலை அஞ்சு முப்பது. அதுக்கு எதுக்க, வான்கூவர், மதியம் மூணு மணி. அதே தேதி! அப்ப ஒரு மனுசன் என்ன நெனப்பான்? அஞ்சரைல இருந்து மூணு. ஒம்பதரை மணிநேரம். வீட்டுக்கு அரமணின்னா பத்தொம்பது வீடு. எங்க சபையில அசையாத தூணா இருக்கதும் பத்தொம்பது வீடுதான். அளவெடுத்துத் தச்ச மாதிரி! அஞ்சரைக்குப் பாஸ்டர்ல ஆரம்பிச்சி, ரெண்டரைக்கு முத்துமாரி அக்கா வீட்ல முடியுது. மூணு மணிக்கு ஆமென். லிஸ்ட்ட சபை வாட்ஸாப்புல போட்டாச்சு, மேல ஒரு பிளேன் படம், கீழ ஒரு புறா. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ஏல, ஒலகத்தோட அந்த மூலைக்கு ஒம்பதரை மணிநேரத்துல எப்பிடிப் போவ முடியும்?"னு கேட்டாங்களா? கேக்கல! சூசைமாணிக்கம் மாமா மட்டும், "பரவால்லையே, ஊருக்குப் போறத விட ஏக்தம் சீக்கிரமா இருக்கே"ன்னாரு. அதுக்குப் பாஸ்டரு, "கர்த்தர் காரியங்களைத் துரிதப்படுத்துகிறார்"னுட்டாரு. தீந்துச்சு.

மூணு மணின்னு போட்டது வான்கூவர் மூணு மணி. நம்ம கணக்குல அது நாளைக்கி விடியக்காலம் மூணரை. மொத்தம் இருவத்திரண்டு மணிநேரம். சங்கிலி முடிஞ்சப்ப அண்ணன் பாதி தூரம் கூடப் போவல. ஃப்ராங்க்ஃபர்ட்ல ஒரு பெஞ்சுல உக்காந்து இட்லிப்பொடி டப்பா பைக்குள்ள ஒடஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தான். தரையிலதான இருக்கான், தரையில இருக்கவனுக்குச் சங்கிலி என்னத்துக்குன்னு நானும் மூணுல இருந்து இவ்வளவு நேரம் பிந்தாஸா, கவலையே இல்லாம இருந்தேன்.

இப்பத்தான் மெசேஜ் போட்டான். பாரும், போனக் காட்டுதேன். "ஏறிட்டேன். ஜன்னல் சீட்டு. ஜன்னல மூடிட்டேன். ஜெபம் ஓடுதுல்ல?"

"ஓடுது"ன்னு போட்டேன்.

"இப்ப யார் வீடு?"

அவன் லிஃப்ட்ல ஏறாதவன் ஆண்டவரே. பத்து மணிநேரம், கீழ வெறும் தண்ணியும் ஐஸும். அவன் என்ன நெனச்சிக்கிட்டு ஏறிருக்கான்? அந்தரத்துல தொங்கல, கீழ திலக் நகர்ல யாரோ ஒரு வீட்ல ஒரு கை பிடிச்சிருக்குன்னு. நான் என்னன்னு சொல்ல? யாரும் பிடிக்கல, எல்லாரும் ஆமென் சொல்லிட்டு சீரியல் பாக்காங்கன்னா?

"நம்ம வீடு"ன்னு போட்டேன்.

போட்டுட்டு ஓடி வந்தேன். அதான் நிக்கேன். பொய் சொன்னது பொய்யா இருக்கக் கூடாதுல்லா.

ஆனா அரமணிநேரம் ஜெபம்னா எப்பிடித்தான் பண்ணுதாங்களோ! அண்ணனக் காப்பாத்தும்னேன். பைலட்டு பேரு தெரியாது, அவரையும் காப்பாத்தும்னேன். ஏர் ஹோஸ்டஸ், முன் சீட்டுக்காரன், பின் சீட்டுக்காரன், பக்கத்துல அழுவுத பிள்ள இருந்தா அந்தப் பிள்ள, எல்லாரையும் சொல்லியாச்சு. மணியப் பாக்கேன், நாலு நிமிஷம்! அதுக்கப்பறம் ரயில்ல வர்ற அக்கா சத்தத்துல கொஞ்ச நேரம் ஓட்டுனேன். "அக்லா ஸ்டேஷன்... வான்கூவர். அடுத்த நிலையம்... வான்கூவர். தயவுசெய்து இறக்கைக்கும் மேகத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்கவும்." அண்ணனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். நான் யாரு மாதிரிப் பேசுனாலும் மொத ஆளாச் சிரிக்கிறது அவந்தான். சஸ்பெண்டு ஆனப்ப பிரின்சிபால் ரூமுல எனக்காக மன்னிப்புக் கேட்டவனும் அவந்தான். கேட்டுட்டு வெளிய வந்து கேட் தாண்டுனதும், "ஏட்டி, இன்னொரு வாட்டி அந்த 'கனமழை காரணமாக' சொல்லு"ன்னான்.

...

இல்ல இல்ல, நிப்பாட்டல! மூச்சு விட்டேன். கண்ணுல தூசி. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். நிப்பாட்டல.

நீரு ஏன் இப்பிடிப் பாக்கீரு?

பாக்காதீரும். எனக்குத் தெரியும் நீரு என்ன கேக்கப் போறீருன்னு. லிஸ்ட் போட்டது யாருன்னுதான?

...நாந்தான். யூத் செக்ரட்டரி நாந்தான? நாந்தான் போட்டேன். சரி, பதினாறு வயசுப் பிள்ள, டைம் வித்தியாசம் தெரியாமப் போட்டுட்டேன்னு வச்சிக்கிடுமேன். ஜாக்ரபியில பாதி நாள் நான் சஸ்பெண்டு.

...

வச்சிக்கிட மாட்டீரு.

சரி! தெரியும்! போதுமா? தெரிஞ்சேதான் போட்டேன். டிக்கெட்டுக்கு அடியிலயே போட்டுருந்துச்சு, மொத்தப் பயண நேரம் இருவத்திரண்டு மணின்னு. அந்த வரிய வெட்டிட்டுத்தான் படத்த குரூப்புல போட்டேன். ஏன்னு கேட்டீரா? கேளும்!

எங்கம்மா! எங்கம்மாவும் உம்மளும் சேந்து பண்ணுன வேல! ரெண்டு வாரம் முந்தி ஞாயித்துக்கெழம, சாட்சி சொல்லுத நேரத்துல எந்திரிச்சி, சபை முன்னால, "எம் மகன் வான்கூவர் தரையில கால் வைக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது"ன்னு பொருத்தனை பண்ணிட்டா. ஆளுக்கு சுகரு! காலைல ஒரு மாத்திர, சாயங்காலம் ஒரு மாத்திர, சாப்ட்டுட்டுத்தான் போடணும். லெந்து நாள்ல ஒரு பகல் உபவாசம் இருந்ததுக்கே, செம்பூர்ல அவ ஆயா வேல பாக்குத நர்சிங் ஹோம்ல, டியூட்டில இருக்கப்பவே சரிஞ்சிட்டா. பேஷண்டு எறங்கி வந்து இவளக் கட்டில்ல ஏத்துனாரு! அவள இருவத்திரண்டு மணிநேரம் தண்ணியில்லாம இருக்கச் சொன்னா... பிளேனு பத்திரமாப் போய்ச் சேரும். அண்ணன் போன் பண்ணுவான். எடுக்க யாரு இருப்பா?

பேசிப் பாத்தேன். பாஸ்டரம்மாவ விட்டுப் பேசச் சொன்னேன். "வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதான், வயிறு என்ன செய்யும்?"னு கேக்கா. அப்ப நான் என்ன செய்ய? பொருத்தனைய மாத்த முடியாது. பிளேன வேகமா ஓட்ட முடியாது. தூரத்தக் கொறைக்க முடியாது. நேரத்தத்தான் கொறைச்சேன். பன்னெண்டரை மணிநேரத்த, ஒரே வெட்டு.

அப்பறம் மூணு மணிக்கு போன் பண்ணுனேன். பக்கத்து வீட்டு ஹரிதா போன வாங்கிட்டு இங்க மேல வந்து. அம்மாட்ட இருக்கது பட்டன் போனு, கண்ணாடியும் போட மாட்டா, யாரு நம்பருன்னு தெரியாது. அண்ணன் சத்தம் எனக்கு எடது கை வேல. மொதல்ல தொண்டையச் செருமணும், "க்கும்", அப்பறம் "ம்மோவ்." அம்புட்டுதான், அதுக்கு மேல அவன் பேசவே மாட்டான். "க்கும்... ம்மோவ். எறங்கிட்டேன்."

சரியா அந்த நேரத்துக்குத்தானா அந்த வெங்காய டெம்போ வரணும்? ஸ்பீக்கரு வச்சிக்கிட்டு, "கா...ந்தா! ப...ட்டாட்டா! தாஜா காந்தா!"ன்னு நம்ம கேட்டுக்கு முன்னால நின்னு தொண்டத் தண்ணி வத்த... அவனுக்கெங்க வத்தப் போவுது, ரெக்கார்டிங்குதான. போனப் பொத்திக்கிட்டு தொட்டிக்கு இந்தப் பக்கமா ஓடி வந்தேன். நல்லவேள, அம்மாவுக்கு வித்தியாசமே தெரியல. அப்பறம் மெதுவா, "குளுருதாடே?"ன்னா. "ஆமாம்மா." "அங்க காய்கறியெல்லாம் கெடைக்குமாடே?" "எல்லாம் கெடைக்கும்மா." "சரி. ஒழுங்காச் சாப்புடு." வச்சிட்டா. கப்பல்ல சமைக்கப் போறவன்ட்ட காய்கறி கெடைக்குமான்னு கேக்கா பாரும், தாய் மனசு!

எறங்கி வீட்டுக்கு ஓடுனா, ஜன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு தெருவப் பாத்துக்கிட்டு நிக்கா. தோளு குலுங்குது. சந்தோசத்துல அழுவுதான்னு நான் கிட்டப் போவல. அப்பறம் திரும்பி வந்து ரெண்டு இட்லி தின்னா, மாத்திர போட்டா, ஒரு செம்பு தண்ணியும் குடிச்சா. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். குரூப்புல "எறங்கியாச்சு, ஸ்தோத்திரம்"னு போட்டேன். பாஸ்டரு நன்றி சொல்லி ஆறு நிமிஷத்துக்கு வாய்ஸ் அனுப்புனாரு, எல்லாச் சக்கரத்துக்கும் தனித்தனியா.

அம்புட்டுதான் ஆண்டவரே. இதுதான் நான் பண்ணுனது. அம்மாவுக்கு இட்லி குடுத்தேன், அண்ணனுக்குச் சங்கிலிய அத்தேன். ரெண்டையும் சேத்துக் காப்பாத்த எனக்குத் தெரியல. உமக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்கு நீரு... அந்தப் பொருத்தனை ஒடஞ்சது அவ கணக்குல வராது, கேட்டீரா? ஒடச்சது நான். அண்ணன் மேல அதக் காட்டிராதீரும். ஏதாவது காட்டணும்னா எங்கிட்டக் காட்டும். என் சத்தத்த வேணா எடுத்துக்கிடும். ...எல்லாச் சத்தத்தயும் எடுத்துராதீரும், அண்ணன் சத்தத்த மட்டும் விட்டுரும். அவன் வர ஒம்பது மாசம் ஆவும். வீட்ல யாராவது செருமணும்லா.

மணி ஆறு.

ஆச்சு! அரமணிநேரம் ஆயிட்டு! நெசமாவே ஓட்டிட்டேன். இப்ப அடுத்த வீட்டுக்கு மிஸ்டு கால் குடுக்கணும். அடுத்த வீடு எங்க இருக்கு? இன்னும் ஒம்பதரை மணிநேரம்... பாரும், அதே ஒம்பதரை! எல்லாம் நாந்தான். ஆனா கை பழக்கம், யாருக்காவது குடுக்கணும்னு பரபரங்குது. சும்மா அம்மாவுக்கு ஒரு ரிங்கு விட்டு கட் பண்ணிருதேன். கீழ காப்பி போட்டுக்கிட்டு இருப்பா, எடுக்க...

...

அது என்ன, படிக்கட்டுல ரிங்கு கேக்குது?

...ம்மா?

எப்ப வந்த? இல்ல, எப்ப... எதுலருந்து கேட்ட? "ஸ்க்ரூ"லருந்தா? அப்ப அரமணிநேரமாவா படியில உக்காந்துருக்க! ம்மா, அது வந்து, அதுல பாதி நான் சும்மா... மிமிக்ரி பண்ணி...

என்னது?

வான்கூவர்ல... வெங்காயம் கிலோ என்ன வெலன்னா?

...

அப்ப மூணு மணிக்கே தெரியுமா! டெம்போ சத்தம் போன்லயும் கேட்டு ஜன்னல்லயும் கேட்டுச்சா? அப்ப, "காய்கறி கெடைக்குமாடே"ன்னு நீ வேணும்னே... ஜன்னல்ல நின்னு அழுவல? சிரிச்சியா? நான் ஒனக்காக இங்க கண்ணுல தூசியோட நிக்கேன், நீ...

இரு இரு. தெரிஞ்சும் ஏன் இட்லி தின்ன? பொருத்தனை?

ரெண்டரைக்கா? ரெண்டரைக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா? ஏம்மா எங்கிட்டச் சொல்லல! ...அவருட்டச் சொன்னியா. "என்னால முடியலப்பா, நீரே ஒரு வழி காட்டும்"னு. மூணு மணிக்கு போன் அடிச்சிது. ம். ...எலியாவுக்குச் சாப்பாடு யாரு கொண்டு வந்தா? ஞாயிறு பள்ளியில படிச்சதுதான, பஞ்சத்துல கர்த்தர் அனுப்புன காக்கா. அதுக்கென்ன?

...நானா! காக்காவா? ம்மா, காக்கா கூட ஒரு சத்தத்துலதான் கத்தும்!

சரி, உக்காரு. உக்காரு, தரை சுடாது. நல்லதாப் போச்சு, இந்த டர்னு ஒனக்கு, ஆறரை வரைக்கும் நீ பாரு, அப்பறம் நான்... என்ன? லிஸ்ட்டா? திரும்பவா? பத்தொம்பது வீட்டுக்கும் நானே போன் பண்ணி, எறங்கலன்னு சொல்லி, நாந்தான் நேரத்த வெட்டுனேன்னும் சொல்லி... ஆ, அது ஈஸிம்மா. பாஸ்டர் சத்தத்துல ஒரு வாய்ஸ் அனுப்புனா ரெண்டு நிமிஷத்துல...

...என் சத்தத்துலயா.

வேற யாரு சத்தமும் கூடாதா. அண்ணன் சத்தம்? பாஸ்டரம்மா? ...சரி, சரி, மொறைக்காத. என் சத்தம் எனக்கே சரியா ஞாபகம் இல்ல, அதச் சொல்லுதேன். "க்கும்." இல்ல, அது அவனோடது. ஹலோ. ஹலோ. இப்பிடித்தானம்மா இருக்கும்?

நீ ஜெபத்த ஆரம்பிச்சிட்டியா, ம்? ..."ஆண்டவரே, இந்தப் பிள்ளைய எதுக்கு எனக்குக் குடுத்தீரு"ன்னா? ம்மா! என்னப் பத்தி அவருட்டக் கோள் சொல்லதுக்கா இந்த டர்னு? அண்ணனப் பத்திச் சொல்லு, அவன் ஒத்தையில அந்தரத்துல... சரி, சொல்லிட்டு வா. மொதல்ல என்னத் திட்டி முடி, அப்பறம் அவனக் காப்பாத்தச் சொல்லு. நேரம் நெறைய இருக்கு.

ரிங்கு போவுது.

ஹலோ, சூசைமாணிக்கம் மாமாவா? மாமா, ஒறங்குதீயளா? ...இல்ல, இது ஜாக்கி. ...ஜாக்கி மாமா, சவரியம்மா மக. ஒரு முக்கியமான விஷயம்... என்னது? ஜாக்கி மாதிரி யாரு பேசுதான்னா கேக்கீய?

அய்யோ, நம்புங்க மாமா... இது நானேதான்.